சிங்கப்பூரில் தண்டனை போதாது என்று தோன்றிய வழக்குகள்: உங்களுக்கு நடந்தது என்ன?

ஈசூன் அக்கா:
காப்பிக் கடையில் தம்பியின் முகத்தில் பீர் போத்தலால் அடித்தவனுக்குச் சில மாதச் சிறைதான், பிரம்படி இல்லை. தீர்ப்பைக் கேட்டதும் கூண்டிலேயே சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான், நேர்முகத்தேர்வில் வேலை கிடைத்தவன் போல. அதுதான் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மேல்முறையீடு செய்யலாமா என்று தம்பி கேட்டான். அது அரசுத் தரப்பு எடுக்க வேண்டிய முடிவு என்றார் விசாரணை அதிகாரி. 14 நாள் கெடுவும் போயிற்று.

தேக்கா மணியன்:
எங்கள் வழக்கில் அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. அடிபட்டவர் என் நண்பர், நான் சாட்சி. உயர் நீதிமன்றத்தில் விசாரணை வருவதற்குள் அடித்தவர் முதல் தண்டனையை முடித்துவிட்டு வேலைக்கும் போய்க்கொண்டிருந்தார். நீதிபதி தண்டனையைக் கூட்டினார். அடித்தவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா, மேல்முறையீடு கிடைத்தாலும் இப்படித்தான்.

ஜூரோங் பெரியவர்:
மணியன், கடிகாரம் கண்ணில் பட்டது, நண்பரின் காயம் படவில்லையா? என் மருமகன் வழக்கில் மேல்முறையீடு இல்லை என்று ஒரே வரியில் மின்னஞ்சல் வந்தது. அதை விடுங்கள். தண்டனை கொஞ்சம் குறைவு என்றால் மேல் நீதிமன்றம் தலையிடாது. வெளிப்படையாகவே போதாது என்றோ, கீழ் நீதிமன்றம் சட்டத்திலோ உண்மைகளிலோ தவறியது என்றோ காட்ட வேண்டும். நான்கு வயது மகனை அடித்து, அவன் இறந்துபோன வழக்கில் தாய்க்கு 8 ஆண்டு விதித்தார்கள். அரசுத் தரப்பு முறையிட்டதால் 2017இல் அது பதினான்கரை ஆண்டாயிற்று. 2020இல் முன்னாள் காதலியின் கழுத்தை நெரித்த பல்கலைக்கழக மாணவருக்கு 12 நாள் தடுப்புக் காவல். ஊரே கொதித்தும் மேல்முறையீடு இல்லை. ஆகவே தண்டனைக்கு முன்பே பாதிப்பு அறிக்கை கொடுங்கள். தூக்கம் போனதையும் வேலை போனதையும் எழுதுங்கள். ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். இழப்பீட்டு உத்தரவு பற்றி அரசாங்க வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

ஈசூன் அக்கா:
பெரியவரே, வழக்கு முடிந்துவிட்டது என்றுதானே எழுதினேன்?

பிடோக் ராணி:
சிவில் வழக்கு இருக்கிறதே, அக்கா. காயத்துக்கு இழப்பீடு கேட்க 3 ஆண்டு அவகாசம் உண்டு. அதற்கு அரசுத் தரப்பின் அனுமதி வேண்டாம், தம்பியே தொடுக்கலாம். ஆனால் அடித்தவனிடம் பணம் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். என் அக்காள் கணவர் வென்றார், இன்னும் ஒரு காசு வரவில்லை.