இளவயது மார்பகப் புற்றுநோய்: காம்ட் மரபணுவில் பி-மதிப்பு 0.03, நம்பலாமா?

மரபணு_மாணவி:
45 வயதுக்கு உட்பட்ட நோயாளிகள் 200 பேர், அதே வயதில் நோயில்லாதவர்கள் 200 பேர். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனோடு தொடர்புள்ள சிஒய்பி17ஏ1, சிஒய்பி19ஏ1, ஈஎஸ்ஆர்1, காம்ட் ஆகிய நான்கு மரபணுக்களிலும் சேர்த்து 12 மாறுபாடுகள் பார்த்ததில் தேறியது காம்ட் வால்158மெட் மட்டும் (புரதத்தின் 158-ஆம் இடத்தில் வாலினுக்குப் பதில் மெத்தியோனின்). மெட் அலீலுக்கு (மரபணுவின் மெட் வடிவத்துக்கு) ஆட்ஸ் ரேஷியோ, அதாவது இரு குழுவிலும் அது இருக்கும் வாய்ப்பின் விகிதம், 1.36; பி-மதிப்பு, அதாவது தொடர்பே இல்லாவிட்டாலும் இவ்வளவு வேறுபாடு வரும் வாய்ப்பு, 0.03. டிஎன்ஏ துண்டைப் பிசிஆர் முறையில் பெருக்கி, என்எல்ஏ3 நொதியால் வெட்டிப் பட்டைகளைப் படித்தது. கட்டுரையாக எழுதலாமா?

புள்ளிக்கோடு:
அவசரப்படாதீங்க. ஒன்றையொன்று சாராத 12 சோதனை என்று வைத்தால், எதிலும் உண்மை இல்லாமலே ஒன்றாவது 0.05-க்குக் கீழே இறங்க 46 சதவீத வாய்ப்பு. 0.05-ஐச் சோதனை எண்ணிக்கையால் வகுக்கும் போன்ஃபெரோனி முறைப்படி வாசல் 0.0042.

அதைவிடப் பெரிய சிக்கல் ஆள் எண்ணிக்கை. அலீல் 30 சதவீதம், உண்மை ஆட்ஸ் ரேஷியோ 1.2 என்றால், 200-க்கு 200 வைத்து அதைப் பிடிக்க ஐந்தில் ஒரு வாய்ப்புதான். பிடிபடவும் எண் 1.35 அளவுக்கு ஊதியிருக்க வேண்டும். உங்க 1.36 எங்கே நிற்கிறது பாருங்க! பிடிக்கும் வாய்ப்பு (திறன்) 80 சதவீதம் வேண்டுமென்றால் குழுவுக்குச் சுமார் 1,100 பேர்.

ஜெல்_பட்டை:
நோயில்லாதவர்களில் ஜீனோடைப் (ஒருவரின் இரு அலீல்களின் சேர்க்கை) எண்ணிக்கை என்ன? இரு குழுவும் ஒரே தட்டில் ஓடினதா?

மரபணு_மாணவி:
மெட்/மெட் 32, வால்/மெட் 118, வால்/வால் 50. தட்டுகள் தனித்தனி.

ஜெல்_பட்டை:
அங்கேதான் கோளாறு. அலீல் விகிதத்திலிருந்து ஜீனோடைப் எண்ணிக்கையைக் கணிக்கும் ஹார்டி-வைன்பெர்க் கணக்குப்படி கலப்பு (வால்/மெட்) 99 வரணும், 118 வந்திருக்கு, கை-வர்க்கம் 7.2, தற்செயல் என்று தள்ள முடியாத அளவு. என்எல்ஏ3 வெட்டுவது மெட் அலீலை. வெட்டு பாதியில் நின்றால் வெட்டுப்படாத பட்டையும் மிஞ்சும், மெட்/மெட் ஆள் வால்/மெட் மாதிரி தெரிவார். அப்படி 18 பேர் தவறிப்போனார்கள் என்று வைத்துக் கணக்கைத் திரும்பப் போடுங்க: 50, 100, 50. ஆட்ஸ் ரேஷியோ 1.14-க்கு இறங்கிவிடும்.

நொதியைப் புதிதாக எடுத்து, வெட்டும் நேரத்தை நீட்டி, இரு குழுவையும் ஒரே தட்டில் கலந்து, யார் எந்தக் குழு என்று தெரியாமல் படிக்கணும். 10 சதவீத மாதிரிகளை இரண்டு முறை ஓட்டுங்க. கலப்பு என்று படித்தவற்றில் சிலவற்றைச் சாங்கர் முறையில் வரிசைப்படுத்திப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

சுரப்பி:
மறுபடி ஓட்டுவதற்கு முன், நோயாளிகளில், மார்பகப் புற்றுநோய் அபாயத்தைப் பெரிதும் கூட்டும் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2, டிபி53 மரபணுக்களில் பிறழ்வு உள்ளவர்களைத் தனியே பிரிங்க. இளவயதில் அவர்கள் பங்கு அதிகம். பிஆர்சிஏ1 கட்டிகள் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லாதவை. ஹார்மோன் மரபணுவைத் தேடும்போது அவை கலந்தால் விளைவு நீர்த்துப்போகும். ஏற்பி உள்ளவை, இல்லாதவை என்று கட்டிகளையும் பிரித்தே கணக்கிடுங்க.

ஈஸ்ட்ரோஜனை உருவாக்கும் அரோமட்டேஸ் நொதிக்கான மரபணு சிஒய்பி19ஏ1-க்குப் பழைய கட்டுரைகளின் முடிவை அப்படியே எடுத்துப் போடாதீங்க. மாதவிடாய் நின்ற பெண்களில் அதன் சில மாறுபாடுகள் ஈஸ்ட்ரோஜன் அளவை 10 முதல் 20 சதவீதம் மாற்றுகின்றன. அப்போதும் புற்றுநோய் அபாயம் தெளிவாகக் கூடவில்லை. இளம்பெண்ணுக்கு அரோமட்டேஸ் வேலை நடப்பது முக்கியமாகச் சூலகத்தில், கொழுப்புத் திசுவில் அல்ல. மரபணுவை முடுக்கும் புரோமோட்டரே இரண்டு இடத்திலும் வேறு. ஒரே மாதச் சுழற்சியில் ஈஸ்ட்ரடயால் (முக்கிய ஈஸ்ட்ரோஜன்) பல மடங்கு ஏறி இறங்கும்போது அந்த 10, 20 சதவீதம் எங்கே தெரியப்போகிறது? ரத்தம் எடுத்திருந்தால் சுழற்சியின் எத்தனையாவது நாள் என்ற குறிப்பு வேண்டும். சிகிச்சை தொடங்கிய பிறகு எடுத்த மாதிரி இதற்கு உதவாது.