கல்விக் கடன் கேட்டால் டெபாசிட்டை உடைக்கச் சொல்கிறார்கள்

ஏற்காட்டில் சின்னக் காபித் தோட்டம் எங்களுக்கு. மகளுக்குக் கவுன்சிலிங்கில் கோவையில் பி.இ. சீட் கிடைத்திருக்கிறது. ஹாஸ்டலோடு நான்கு வருடத்துக்கு 6 லட்சம் ஆகும். பெரியவள் பி.காம். முடித்தவள், அதனால் முதல் பட்டதாரி சலுகை கிடையாது.

2.4 லட்சத்துக்கு வருமானச் சான்று வாங்கி கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி போர்ட்டலில் விண்ணப்பித்தேன். சேலத்தில் ஒரு வங்கிக் கிளையில், "3 லட்சம் எஃப்.டி. இருக்கிறதே, அதை உடைங்க, இல்லை அடமானமா வைங்க" என்கிறார்கள். 7.5 லட்சம் வரை அடமானம் தேவையில்லை என்ற விதியைச் சொன்னேன். மேலிடத்தில் கேட்கணும் என்பதோடு சரி. இன்னொரு கிளையில் 'எங்க சர்வீஸ் ஏரியா இல்லை' என்றார்கள்.

வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிக்கும் காலத்துக்கும் அதன்பின் ஒரு வருடத்துக்கும் வட்டியை மத்திய அரசு கட்டும். அதற்குத் தேவையான நாக் (கல்லூரித் தர மதிப்பீட்டு அமைப்பு) அங்கீகாரமும் கல்லூரிக்கு இருக்கிறது. அப்புறம் எதற்கு வட்டி வரும் டெபாசிட்டை உடைப்பது? காபி விலை சரியும் வருடம் வீட்டுக்கு அதுதான் பிடிமானம். செலவில் எங்கள் பங்கான 5 சதவீதத்தைக் கட்டத் தயார்.

சேலம் பக்கம் டெபாசிட்டைத் தொடாமல் 4 லட்சத்துக்கு மேல் கடன் வாங்கியவர்கள், கிளையில் எதைக் காட்டிச் சம்மதிக்க வைத்தீர்கள்?