ஹேர்னியா ஒபரேசன்: ஃபக்டர் ஏற்றிய பிறகும் ஏன் வாட்டில் வைத்திருக்கிறார்கள்?

களுவாஞ்சிகுடி அம்மா:
மகனுக்கு 16 வயது, ஹீமோபீலியா ஏ, அதாவது இரத்தம் இலகுவில் உறையாத வருத்தம், கடுமையான வகை. ஹேர்னியா (குடலிறக்கம்) பெருத்துவிட்டதால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் திகதி தரப்போகிறார்கள். இரத்தத்தை உறைய வைக்கும் ஃபக்டர் 8 என்ற மருந்தை ஏற்றித்தான் வெட்டுவோம், பிறகு ஒரு கிழமைக்கு மேல் நிற்க வேண்டிவரும் என்றார் டொக்டர். ஏற்றினால் இரத்தம் உறைந்துவிடும்தானே, பிறகு எதற்கு இத்தனை நாள்? முன்பு பல்லுப் பிடுங்கியபோது விடிய விடியத் துணி நனைந்துகொண்டே இருந்தது, அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

கல்முனைத் தாதி:
அக்கா, ஏற்றிய ஃபக்டர் உடம்பில் தங்காது. 8 முதல் 12 மணித்தியாலத்தில் பாதி போய்விடும். ஒரு கிலோ எடைக்கு ஒரு யூனிட் போட்டால் இரத்தத்தில் ஃபக்டர் அளவு ஏறக்குறைய 2 சதவீதம் கூடும், அப்படியென்றால் மகன் 50 கிலோ என்று வையுங்கள், 100 சதவீதத்துக்கு, அதாவது வருத்தமில்லாத ஆளின் அளவுக்கு, கொண்டுவர 2500 யூனிட் வேண்டும், அதுவும் கத்தி வைக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னால். அப்புறம் இரத்தத்தில் அளவு பார்த்துப் பார்த்துத் திரும்பத் திரும்ப ஏற்றுவார்கள். காயம் ஆற நாள் எடுக்கும், அதுவரை அளவு விழ விடக்கூடாது. ஆகவே முழு நாட்களுக்கும் தேவையான மருந்து கையில் இருக்கிறதா என்று திகதி குறிக்கும் முன்பே கேளுங்கள்.

அக்கரைப்பற்று வாசகன்:
எனக்கும் இதே வருத்தம், முழங்காலில் ஒபரேசன் செய்தவன். எனக்கு மூன்றாம் நாள்தான் காயம் வீங்கியது, நோவில்லை என்று ஒரு வேளைக்குரிய ஃபக்டர் ஊசியைப் பிந்தவிட்டார்கள், அதுதான் காரணம். மகனுக்கு இன்ஹிபிட்டர் டெஸ்ட் எடுத்தார்களா? உடம்பு ஃபக்டருக்கு எதிராக எதிர்ப்புப் பொருள் உண்டாக்கியிருந்தால் எவ்வளவு ஏற்றினாலும் பிடிக்காது, வேறு மருந்துதான் தேட வேண்டும். நோவுக்கு டைக்ளோஃபெனக், அஸ்பிரின் வேண்டாம், பரசிட்டமோல் போதும். தசையில் ஊசி போட விடாதீர்கள்.

களுவாஞ்சிகுடி அம்மா:
இன்ஹிபிட்டர் என்று இதுவரை யாரும் சொன்னதாக ஞாபகம் இல்லை தம்பி. அடுத்த கிளினிக்கில் முதலில் அதைத்தான் கேட்பேன். பல்லுக்கு வாய் கொப்பளிக்க ஒரு மருந்து தந்தார்கள், ட்ரனெக்சாமிக் அசிட், அது இதற்கும் உதவுமா?

கல்முனைத் தாதி:
உறைந்த இரத்தம் சீக்கிரம் கரையாமல் அது பிடித்து வைக்கும், ஆனால் ஃபக்டருக்குப் பதிலாகாது. சேர்த்துக் கொடுப்பதா என்று டொக்டர் தீர்மானிக்கட்டும். போகும்போது மகனின் ஹீமோபீலியா அட்டையையும் பழைய ஃபக்டர் ஏற்றிய துண்டுகளையும் மறக்காமல் எடுத்துப் போங்கள், மயக்க மருந்து டொக்டரிடமும் காட்டுங்கள்.