‘ஜானி பி. குட்’: இசைத்தட்டிலும் மேடையிலும்

செவிச்செல்வம்

அமெரிக்க ராக் அண்ட் ரோல் இசைக்கலைஞர் சக் பெர்ரியின் ‘ஜானி பி. குட்’ பாடலை நான் இசைத்தட்டில் கேட்டே மனப்பாடம் செய்தவன். பல ஆண்டுகள் கழித்து அதே பாடலை அவர் மேடையில் பாடக் கேட்டேன். இரண்டுக்கும் இடையே கண்ட வேறுபாடு இன்றும் என்னை விட்டு அகலவில்லை.

வேலையின் பொருட்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் சில ஆண்டுகள் வசித்தேன். பெர்ரி பிறந்து வளர்ந்த ஊர் அது. 1926-இல் அவர் பிறந்த தெருவின் பெயர் குட் அவென்யூ. பாடலின் தலைப்பில் உள்ள ‘குட்’ அங்கிருந்து வந்ததுதான். டெல்மார் வீதியில் உள்ள புளூபெரி ஹில் என்னும் உணவகத்தின் நிலவறையில் ‘டக் ரூம்’ என்றொரு சிறிய அரங்கு இருக்கிறது. ஒரு காலை முன்னே நீட்டிக் குந்தியபடி, கித்தாரை வாசித்துக்கொண்டே வாத்துபோல் நகரும் அவருடைய புகழ்பெற்ற நடையைக் குறிக்கும் பெயர் அது. 1996 முதல் 2014 வரை, ஏறத்தாழ மாதம் ஒருமுறை என்ற கணக்கில், அங்கே அவர் 209 கச்சேரிகள் செய்தார். அவற்றுள் ஒன்றில் நானும் இருந்தேன்.

சில நூறு பேரே கொள்ளும் அந்த அறையில் தோளோடு தோள் உரச நின்றிருந்தோம். எண்பது வயதைக் கடந்திருந்த பெர்ரி, கப்பல் தலைவர்கள் அணியும் வெள்ளைத் தொப்பியும் மினுமினுக்கும் சட்டையுமாக வந்தார். மகன் சார்லஸ் பக்கத்தில் நின்று இன்னொரு கித்தாரை வாசித்தார். மகள் இங்கிரிட் கையில் மவுத் ஆர்கன் இருந்தது. ‘ஜானி பி. குட்’டின் தொடக்கத்தை அவர் தொட்டவுடனே அறை அதிர்ந்தது. ஆனால் அந்த முகப்பு இசையின் ஒவ்வொரு சுரத்தையும் அறிந்திருந்த என் காதுக்கு, இரண்டாவது வரியிலேயே விரல் இடம் தவறியது தெரிந்தது. தாளமும் தட்டில் கேட்டதைவிடத் தளர்ந்திருந்தது. சில அடிகளை அவர் பாடாமலே விட்டுவிட, நாங்கள் பாடி நிரப்பினோம். சுற்றியிருந்தவர்கள் மகிழ்ச்சியில் கூத்தாடிக்கொண்டிருந்தபோது, அன்பு வைத்த பாடல் கைநழுவிப் போவதைப் பார்ப்பதுபோல் நான் மட்டும் கலங்கி நின்றேன். அன்றிரவு வீட்டுக்கு வந்ததும் பழைய ஒலிப்பதிவை மூன்று முறை போட்டுக் கேட்டேன். மேடையில் கேட்டதை எப்படி எடுத்துக்கொள்வது என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. இத்தகைய அனுபவம் உங்களில் யாருக்கேனும் உண்டா?

ஆறுதந்தி

நான் இருபது ஆண்டுகளாகக் கித்தார் பழகுகிறவன். இந்தப் பாடலின் முகப்பை வாசிக்க முயன்று பல மாதங்கள் தோற்றவன் என்பதால், தாங்கள் எழுதியதை மிகுந்த அக்கறையுடன் படித்தேன்.

அந்தத் தட்டு 1958 ஜனவரி 6 அன்று, சிகாகோவில் செஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானது. லஃபயெட் லீக் பியானோ வாசிக்க, வில்லி டிக்ஸன் ஆளுயரப் பாஸ் என்னும் கீழ்ச்சுருதித் தந்தி வாத்தியத்தை வாசிக்க, ஃபிரெட் பிலோ டிரம்ஸ் வாசித்தார். பெயர்ப் பட்டியலில் கித்தாருக்கு பெர்ரி ஒருவர்தான் இருக்கிறார். ஆனால் நல்ல ஒலிபெருக்கியில் கூர்ந்து கேளுங்கள். பல்லவியில் அவர் ஜானியை உற்சாகப்படுத்திக் கூவும்போது, ஒவ்வொரு கூவலுக்கும் கித்தார் மேல்தந்தியில் மறுமொழி சொல்கிறது. அதே வேளையில் கீழ்த்தந்திகளில் இன்னொரு கித்தார் ரயில் சக்கரம்போல் தாளத்தை ஓட்டிக்கொண்டே இருக்கிறது. இரண்டும் அவர் கைதான். ஒன்றைப் பதிந்து அதன்மேல் மற்றொன்றை ஏற்றியிருக்கிறார்கள். இரண்டு பெர்ரிகள் சேர்ந்து வாசித்த அந்த இரண்டு நிமிடம் நாற்பது நொடியை, இரண்டு கை மட்டும் படைத்த ஒருவர் எந்த மேடையில் திரும்பச் செய்ய முடியும்? நான் பல மாதங்கள் தோற்றதற்கும் இதுவே காரணம் என்பது எனக்கு வெகுநாள் கழித்தே விளங்கியது. பாடிக்கொண்டும், தாளத்தை விடாமலும், மறுமொழியையும் நானே வாசிக்க முயன்றுகொண்டிருந்தேன்.

முகப்பு இசைகூட அவர் வானத்திலிருந்து பறித்தது அன்று. 1946-இல் வெளிவந்த, பாடகர் லூயிஸ் ஜோர்டனின் ஒரு பாடலில் கார்ல் ஹோகன் வாசித்த கித்தார் முகப்பே அதற்கு மூலம். ஹோகனிடம் துள்ளலாக இருந்ததை பெர்ரி விரைவும் கூர்மையும் ஏற்றித் தமதாக்கிக்கொண்டார்.

நெடுங்காலம் பெர்ரி கித்தாரை மட்டும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் செல்வார். அந்தந்த ஊரில் அமர்த்திய வாத்தியக் குழுவே உடன் வாசிக்கும். பாடல் வரிசையையும் முன்கூட்டித் தரமாட்டார், சுருதியையும் சொல்லமாட்டார். 1973-இல் இளைஞராக இருந்த ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தம் குழுவுடன் அவருக்கு அப்படிப் பின்னணி வாசித்து, பின்னாளில் அதை வியப்போடு நினைவுகூர்ந்தார். 1972 பிப்ரவரி 3 அன்று இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் நடந்த கச்சேரியின் ஒலிப்பதிவு கிடைக்கிறது. அதைத் தாங்கள் கேட்க வேண்டுமென்று விரும்புகிறேன். ‘ஜானி பி. குட்’ அங்கே கரடுமுரடாக, மூச்சிரைக்க ஓடுகிறது. தட்டில் இருந்த நுணுக்கம் பாதிகூட இல்லை. ஆனால் பாடல் முடிந்த பிறகு, அரங்கைக் காலி செய்யும்படி அறிவிப்பாளர் கெஞ்சுகிறார். கூட்டமோ பெர்ரி திரும்பி வர வேண்டும் என்று முழங்கிக்கொண்டே இருக்கிறது. எந்தக் கூடத்திலும் அந்த முழக்கத்தைப் பதிவு செய்ய முடியாது.

பழந்தட்டு

இருவருக்கும் வணக்கம். நான் ஒலிப்பதிவின் பக்கம் நிற்பவன். 1977-இல் பூமியின் ஒலிகளையும் இசையையும் பதிந்து வாயேஜர் விண்கலங்களில் வைத்து அனுப்பிய தங்கத் தட்டில் இடம்பெற்றது செஸ் கூடத்தில் பதிவான வடிவமே. அந்தத் தேர்வு முற்றிலும் சரியானது என்பேன். மேடை வடிவங்களில் என்னை அசைத்தது ஒன்றே ஒன்று, அதுவும் பெர்ரி வாசித்தது அன்று. 1970 மே 30 அன்று கலிபோர்னியாவின் பெர்க்லியில் கித்தார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வாசித்தது அது. பியானோ இல்லை, இரண்டாம் கித்தார் இல்லை. பில்லி காக்ஸின் பாஸும் மிட்ச் மிட்செலின் டிரம்ஸும் மட்டுமே துணை. தட்டில் இரண்டு கித்தார்கள் பகிர்ந்துகொண்ட வேலையை ஹென்ட்ரிக்ஸ் பகிரவும் இல்லை, போலச் செய்யவும் இல்லை. ஒலிபெருக்கியின் உறுமலையே இரண்டாவது கித்தாராக ஆக்கிவிட்டார். முதன்முறை கேட்டபோது எழுந்து நின்றுவிட்டேன்.

செவிச்செல்வம்

ஆறுதந்தி அவர்களின் பகிர்வைப் படித்த பிறகு, தட்டை மீண்டும் எடுத்து, இந்த முறை கீழே ஓடும் கித்தாரை மட்டும் கேட்டேன். இத்தனை ஆண்டுகளும் அதை நான் கவனித்ததே இல்லை. மேலே மின்னும் விரல்களையே தொடர்ந்து கொண்டிருந்திருக்கிறேன்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது டக் ரூமின் ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. முகப்பில் பெர்ரியின் விரல் தவறிய அந்த நொடியில் மகன் சார்லஸ் தந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய இடக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கை எந்த இடத்துக்கு நகர்கிறதோ அதற்கேற்பத் தம் தாளத்தை ஒரு மயிரிழை தளர்த்தியும் இறுக்கியும், பாடல் நின்றுவிடாமல் தாங்கினார். பெர்ரி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். 1958-இல் தமக்குத் தாமே வாசித்துக்கொண்ட அந்தக் கீழ்க் கித்தாரை, அன்றிரவு அவர் மகன் வாசித்துக்கொண்டிருந்தார்.