ராணுவத்திடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று நாடாளுமன்றம் கேட்கலாமா?

பழைய சிப்பாய்

நேற்று வேறொரு திரியில் ஒரு நண்பர், "ராணுவத் தளவாடங்களைப் பற்றி எம்.பி.க்கள் துருவித் துருவிக் கேட்பது எதிரிக்குத்தான் உதவும், அதையெல்லாம் தளபதிகளிடம் விட்டுவிட வேண்டும்" என்று எழுதியிருந்தார். இரவெல்லாம் அது மனதை உறுத்தியது. அதனால் தனியாகத் தொடங்குகிறேன்.

2018 மார்ச்சை எடுத்துக்கொள்வோம். பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 13ஆம் தேதி அறிக்கை வைத்தது. குழுத் தலைவர் பி.சி. கந்தூரி, ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல், ஆளுங்கட்சிக்காரர். தரைப்படைத் துணைத் தளபதியாக இருந்த சரத் சந்த் குழுவிடம் சொன்னது இது: நம் தளவாடங்களில் 68 சதவீதம் பழசு, 24 சதவீதம் இன்றைய நிலையில் உள்ளவை, 8 சதவீதம்தான் அதிநவீனம். இந்த மூன்றும் மூன்றில் ஒரு பங்காக இருப்பதுதான் முறை. நவீனமயமாக்கலுக்கு ஒதுக்கியது 21,338 கோடி ரூபாய். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட திட்டங்களுக்குக் கட்ட வேண்டியதே 29,033 கோடி. பட்ஜெட் எங்கள் நம்பிக்கையைச் சிதைத்துவிட்டது என்று ஒரு துணைத் தளபதி வாய்விட்டுச் சொன்னார்.

மறுநாள் மக்களவை என்ன செய்தது? எல்லா அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளையும், அதாவது செலவுக்கு அவையிடம் கேட்கும் பணத்தை, ஒரே மூட்டையாகக் கட்டி, விவாதமே இல்லாமல் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றியது. இதற்கு கில்லட்டின் என்று பெயர். பாதுகாப்புத் துறையும் அந்த மூட்டைக்குள் போய்விட்டது. அந்த நாட்களில் அதிமுக எம்.பி.க்கள் காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு அவையின் மையப்பகுதியில் நின்றிருந்தார்கள். நான் டெல்டாக்காரன், அந்தக் கோரிக்கையைத் தப்பென்று சொல்ல என் வாய் வராது. ஆனால் 68 சதவீதம் பழசு என்று ஒரு தளபதி சொன்னது வெளிவந்த மறுநாள், அதைப் பற்றி அவையில் ஒரு மணி நேரம்கூட யாரும் பேசவில்லை. எனக்கு ஆபத்தாகத் தெரிவது அந்த மௌனம்தான்.

சூலூர்வாசி

அந்த நண்பர் நான்தான் சார். எழுதியதில் மாற்றமில்லை.

நீங்கள் 2018ஐச் சொன்னீர்கள், நான் 2017ஐச் சொல்கிறேன். ஜூன் மாதம் பூடான் பக்கம் டோக்லாமில் நம் ஆட்களும் சீன ராணுவமும் நேருக்கு நேர் நின்றார்கள். ஆகஸ்ட் 28 வரை அந்த நிலை. நடுவில் ஜூலையில் அரசுக் கணக்கைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வருகிறது: 152 வகை வெடிமருந்துகளில் 61 வகை பத்து நாள் சண்டைக்குக்கூடப் போதாது. மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கம். எதிரில் நிற்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? உளவாளி வைத்துத் தேட வேண்டிய தகவலை நாமே அச்சடித்துக் கொடுத்தோம்.

அப்புறம் போஃபர்ஸ். 1986 மார்ச்சில் அந்த ஸ்வீடன் நிறுவனத்தோடு 410 பீரங்கிகளுக்கு 1,437 கோடியில் ஒப்பந்தம். அடுத்த வருடம் ஸ்வீடன் வானொலி லஞ்சச் செய்தியை வெளியிட்டது. நாடாளுமன்றம் பற்றி எரிந்தது. கூட்டுக்குழு, கூச்சல், 1989இல் எதிர்க்கட்சி எம்.பி.க்களின் கூண்டோடு ராஜினாமா. நடந்தது நியாயமாகவே இருக்கட்டும். விளைவு என்ன? வெளிநாட்டிலிருந்து அடுத்த 155 மி.மீ. பீரங்கிக்கு ஒப்பந்தம் போட 2016 நவம்பர் ஆனது. 30 வருடம்! கோப்பில் கையெழுத்துப் போட ஒவ்வொரு அதிகாரியும் நடுங்கினார். கார்கிலில் நம்மைக் காப்பாற்றியது அதே போஃபர்ஸ் பீரங்கிதான் என்பதையும் மறக்காதீர்கள்.

தணிக்கை மேசை

சூலூர் சார், நான் 28 வருடம் தணிக்கைத் துறையில் இருந்தவள். பாதுகாப்புத் தணிக்கையில் இல்லை, ஆனால் கோப்பு எப்படி நகரும் என்று தெரியும்.

போஃபர்ஸ் விஷயத்தில் நீங்கள் பழியை இடம் மாற்றிப் போடுகிறீர்கள். அந்தக் கூட்டுக்குழு பி. சங்கரானந்த் தலைமையில் 1988இல் கொடுத்த அறிக்கை எல்லாரையும் விடுவித்துவிட்டது. முக்கிய எதிர்க்கட்சிகள் குழுவைப் புறக்கணித்திருந்தன. அதற்குள் இருந்துகொண்டே மாற்றுக் கருத்து எழுதிக் கொடுத்தவர் நம்ம ஊர்க்காரர், அதிமுக எம்.பி. ஆலடி அருணா. ஆக, ஆராய வேண்டிய குழு சரியாக ஆராயவில்லை. அதனால்தான் சந்தேகம் முப்பது வருடம் உயிரோடு இருந்தது. அன்றைக்கே நேர்மையாக விசாரித்து, பணம் வாங்கியவரை ஒரு பக்கமும் பீரங்கியை ஒரு பக்கமும் பிரித்து வைத்திருந்தால் அடுத்த கோப்பில் கையெழுத்துப் போடக் கை நடுங்கியிருக்காது.

இன்னொன்று. ஒப்பந்தத்தோடு போஃபர்ஸ் பீரங்கியின் வரைபடங்களும் நமக்கு வந்தன. அவற்றை வைத்து ஜபல்பூரில் தனுஷ் பீரங்கியைச் செய்து, முதல் ஆறை ராணுவத்திடம் ஒப்படைத்தது 2019 ஏப்ரலில். இத்தனை வருடம் அந்தக் காகிதங்கள் தூங்கியதற்கு எம்.பி.க்கள் அதிகம் கேட்டதா காரணம்? அந்தக் காகிதங்களை என்ன செய்தீர்கள் என்று விடாமல் கேட்க ஆள் இல்லை.

வெடிமருந்து விஷயத்துக்கு வருகிறேன். 2017 அறிக்கை ஒரு தொடர் ஆய்வு. முதல் அறிக்கை 2015இலேயே வந்தது. 2013 மார்ச் நிலவரப்படி பாதி வகைகள் பத்து நாளுக்குக் கீழே என்று அதில் இருந்தது. இரண்டு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் பெரிதாக மாறவில்லை. 61 என்ற எண் 2016 செப்டம்பர் கணக்கு, டோக்லாம் நேரத்துக் கணக்கு அல்ல. அறிக்கை வந்த அதே மாதத்தில்தான் துணைத் தளபதிக்கு நேரடியாக வெடிமருந்து வாங்கும் அதிகாரத்தைக் கூட்டினார்கள். அச்சில் வராமல் இருந்திருந்தால் அது எப்போது நடந்திருக்கும் என்று யோசியுங்கள்.

நெல்லை மாணவன்

எல்லாருக்கும் வணக்கம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். நடைமுறை பற்றி ஒன்று சேர்க்கிறேன்.

நிலைக்குழுவில் 31 பேர், மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. பதவிக்காலம் ஒரே ஒரு வருடம். கூட்டங்கள் மூடிய அறையில்தான், அறிக்கை மட்டும் வெளியே வரும். பரிந்துரையை அரசு ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஏன் ஏற்கவில்லை என்று பதில் கொடுத்தால் போதும். பழைய சிப்பாய் ஐயா சொன்ன கந்தூரி அவர்கள் 2018 செப்டம்பரில் குழுவை மாற்றி அமைத்தபோது தலைவர் பதவியில் இல்லை, கல்ராஜ் மிஸ்ரா வந்தார்.

ஜெர்மனியில் 2.5 கோடி யூரோவைத் தாண்டும் எந்த ராணுவக் கொள்முதலும் நாடாளுமன்ற பட்ஜெட் குழுவின் ஒப்புதல் இல்லாமல் கையெழுத்தாகாது. அமெரிக்காவில் தளபதிகள் செனட் குழு முன்னால் கேமரா முன் பதில் சொல்கிறார்கள், ரகசியத்தை மட்டும் அடுத்து மூடிய அறையில் பேசுகிறார்கள். அந்த நாடுகளின் ராணுவம் இதனால் பலவீனமாகிவிட்டதா என்பது என் கேள்வி, சூலூர் சார்.

சூலூர்வாசி

தம்பி, ஜெர்மனிக்குப் பக்கத்தில் பாகிஸ்தானும் சீனாவும் இல்லை. அந்த அளவுகோலை இங்கே கொண்டுவராதீர்கள்.

நான் சோதனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. பிரான்சிடம் ரஃபேல் போர் விமானம் வாங்கியபோது செய்ததுபோல் செய்யலாமே. விலை விவரத்தை சிஏஜி பார்த்தது, பொதுக் கணக்குக் குழு பார்த்தது, வெளியே மட்டும் விடவில்லை. உச்ச நீதிமன்றமே 2018 டிசம்பர் தீர்ப்பில் இதைப் பதிவு செய்திருக்கிறது. பார்க்க வேண்டியவர்கள் பார்த்தார்கள், ரகசியமும் காக்கப்பட்டது.

தணிக்கை மேசை

மன்னிக்கவும், அது நடக்கவில்லை. இதைத் திருத்தாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

2018 டிசம்பர் 14ஆம் தேதித் தீர்ப்பில் அப்படி ஒரு வரி இருந்தது உண்மை. ஆனால் அன்றைக்கு சிஏஜி அறிக்கையே நாடாளுமன்றத்துக்கு வந்திருக்கவில்லை. பொதுக் கணக்குக் குழுவின் தலைவர் மல்லிகார்ஜுன கார்கே, எங்களிடம் எந்த அறிக்கையும் வரவில்லை என்று மறுநாளே சொன்னார். சீலிட்ட உறையில் கொடுத்த குறிப்பை நீதிமன்றம் தவறாகப் புரிந்துகொண்டது, நாங்கள் பொதுவான நடைமுறையைத்தான் சொன்னோம் என்று அரசே திருத்த மனுப் போட்டது.

அறிக்கை வைக்கப்பட்டது 2019 பிப்ரவரி 13, அந்த மக்களவையின் கடைசிக் கூட்டத்தொடரின் கடைசி நாள். 36 விமானங்களின் விலை இருந்த இடமெல்லாம் மறைக்கப்பட்டிருந்தது. முந்தைய பேச்சுவார்த்தையோடு ஒப்பிட்டால் 2.86 சதவீதம் குறைவு என்ற விகிதம் மட்டும் தெரிந்தது. நான் ஒப்பந்தம் சரியா தப்பா என்று பேசவில்லை. விமானம் நல்ல விமானம். ஆனால் பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள் என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே நம்பிய நாளில் அவர்கள் பார்த்திருக்கவில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் எல்லாம் நடக்கிறது என்று நம்பி உட்கார்ந்தால் இதுதான் நடக்கும்.

சூலூர்வாசி

சரி, அந்தத் தகவலில் நான் தவறு. திருத்தியதற்கு நன்றி மேடம். தீர்ப்பைப் படித்தேன், திருத்த மனுவைக் கவனிக்கவில்லை.

பழைய சிப்பாய்

சூலூர் நண்பரே, ஒப்புக்கொண்டது பெரிய மனசு. நான் ஒரு சின்னப் பொருளைப் பற்றிச் சொல்கிறேன். பீரங்கியும் விமானமும் வேண்டாம்.

வடக்கே ஒரு பனிமுகாமில் நான் இருந்தபோது என்னோடு மதுரைக்காரப் பையன் ஒருவன் இருந்தான். ஊரிலிருந்து கடிதம் வந்தது. வெளியே நின்று படிக்க, பனிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டான். நாலு பக்கக் கடிதம், இரண்டு தடவை படித்தான். மதிய வெயில், சுற்றிலும் வெள்ளை, பனியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணைச் சுட்டுவிடும். அன்று ராத்திரி கண்ணுக்குள் மணலைக் கொட்டியதுபோல் துடித்தான். இரண்டு நாள் கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தான், கஞ்சியை நாங்கள் ஊட்டிவிட்டோம். அவனிடம் கண்ணாடி இருந்தது, அவன்தான் கழற்றினான். கண்ணாடியே இல்லாத ஆளை நினைத்துப் பாருங்கள்.

2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்துக்கு வந்த சிஏஜி அறிக்கை, சியாச்சின் போன்ற உயரமான இடங்களுக்கான பனிக் கண்ணாடியில் பற்றாக்குறை 62 முதல் 98 சதவீதம் வரை இருந்தது என்கிறது. 2015 நவம்பர் முதல் 2016 செப்டம்பர் வரை புது பூட்ஸ் கிடைக்காமல், இருக்கிறதையே சரிசெய்து திரும்பப் போட்டிருக்கிறார்கள். சாப்பாட்டில் கலோரி குறைவு 82 சதவீதம் வரை போயிருக்கிறது.

சொல்லுங்கள், இதில் எந்த ரகசியம் இருக்கிறது? சிப்பாயின் காலில் பூட்ஸ் இல்லை என்பதை யாரிடமிருந்து மறைக்கிறோம்? எதிரில் உட்கார்ந்திருப்பவனுக்கும் அதே குளிர்தான். மறைத்தால் அது அந்தச் சிப்பாயின் அம்மாவிடமிருந்துதான் மறைகிறது.

சூலூர்வாசி

இந்தப் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை சார். பூட்ஸ், கண்ணாடி, சாப்பாடு, இதெல்லாம் திறந்த அவையில் வர வேண்டும். ஏற்கிறேன். வெடிமருந்துக் கையிருப்பில் எத்தனை நாள் என்ற எண் வரக்கூடாது. அதில் நான் நகர மாட்டேன். குழு தெரிந்துகொள்ளட்டும், பத்திரிகைக்கு வேண்டாம்.

என் மன வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு மாடியில் நின்றால் நம் நாட்டிலேயே செய்த தேஜஸ் போர் விமானம் ஏறுவது தெரியும். 2018 முதல் 45ஆம் படைப்பிரிவு இங்கே சூலூர் விமானப்படைத் தளத்தில். முதல் தடவை தலைக்கு மேல் போனபோது என் பேரன் கையில் இருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினான், எனக்குக் கண் கலங்கியது. திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது 1983. 2021 பிப்ரவரியில் 83 மார்க்-1ஏ விமானங்களுக்கு ஒப்பந்தம், கிட்டத்தட்ட 48,000 கோடி. 2024இல் வரத் தொடங்கியிருக்க வேண்டும். எஞ்சின் தாமதம், அது இது என்று சொன்ன தேதிக்கு வரவில்லை. 2025 செப்டம்பரில் பழைய மிக்-21 போர் விமானம் விடைபெற்றது. 42 படைப்பிரிவு இருக்க வேண்டிய இடத்தில் 29. நிலைக்குழு இந்தப் படைப்பிரிவுக் குறைவை எத்தனை அறிக்கையில் எழுதியிருக்கிறது! ஒரு விமானமாவது சீக்கிரம் வந்ததா? கேள்வி கேட்டால் தளவாடம் வரும் என்று நம்புகிறீர்களே, அதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை.

நெல்லை மாணவன்

அதனால்தான் அறிக்கையோடு நிற்காமல் அவையில் பேச வேண்டும் என்கிறோம் சார். 1962ஐப் பாருங்கள். சீனாவோடு போர் நடந்துகொண்டிருக்கும்போதே நவம்பர் 8ஆம் தேதி நாடாளுமன்றம் கூடியது. 165 உறுப்பினர்கள் பேசினார்கள். ரகசியக் கூட்டமாக வைக்கலாம் என்று யோசனை வந்தபோது நேரு ஒத்துக்கொள்ளவில்லை, நாடே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்றார். போர் தொடங்கியபோது பாதுகாப்பு அமைச்சராக இருந்த கிருஷ்ண மேனன் நாடாளுமன்றம் கூடியதற்கு முந்தின நாள்வரை மத்திய அமைச்சரவையில் இருந்தவர், சொந்தக் கட்சிக்காரர்கள் கேட்ட கேள்வியில்தான் போனார். எல்லையில் குண்டு விழும்போதே கேட்க முடிந்தது.

2022 ஜூனில் அக்னிபாத் வந்தபோது ராணுவத்தில் சேரும் முறையே மாறியது. அறிவிப்பதற்கு முன்னால் அவையில் விவாதம் இல்லை. என் நண்பர்கள் இரண்டு பேர் அதிகாலையில் வ.உ.சி. மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். நாலு வருடம்தான் வேலை என்பதை செல்போனில் படித்துத் தெரிந்துகொண்டார்கள்.

தணிக்கை மேசை

சூலூர் சாரின் கடைசிக் கேள்வி நியாயமானது. கேட்டால் உடனே வராதுதான். ஆனால் தணிக்கையில் ஒன்று பார்த்திருக்கிறேன்: அடுத்த வருடமும் இதே ஆள் இதே கேள்வியோடு வருவார் என்று தெரிந்தால் கோப்பு நகரும். குழு வருடா வருடம் மாறினால் அந்த பயம் வராது. குழுவின் காலம் ஐந்து வருடம், தளவாடம் தெரிந்த நாலு நிபுணர்கள் அவர்களுக்கு உதவி, கையிருப்பு எண்கள் மூடிய அறையில், தாமதத்துக்கு யார் பொறுப்பு என்பது திறந்த அவையில். இதில் உங்களுக்கு மறுப்பு உண்டா?

சூலூர்வாசி

கையிருப்பு எண் மூடிய அறையில் என்பதை எழுத்தில் கொடுத்தால் மறுப்பில்லை. ஐந்து வருடம் கொடுங்கள். ஆனால் குழுவில் வந்து உட்காராத எம்.பி.யின் பெயரையும் வருடா வருடம் வெளியிட வேண்டும். 6.81 லட்சம் கோடி, 2025-26 பாதுகாப்பு பட்ஜெட். அதைப் பார்க்க உட்காரச் சொன்னால் உட்கார வேண்டும்.

பழைய சிப்பாய்

அதையும் சேர்த்துக்கொண்டேன். என் தொகுதி எம்.பி.க்கு இன்று மாலை கடிதம் எழுதுகிறேன். இரண்டே கேள்வி: அடுத்த பட்ஜெட் கூட்டத்தொடரில் பாதுகாப்பு மானியக் கோரிக்கையை கில்லட்டினுக்கு முன்னால் ஒரு நாள் விவாதத்துக்கு எடுக்கச் சொல்லிக் கேட்பீர்களா? பனிக் கண்ணாடிப் பற்றாக்குறை இப்போது எத்தனை சதவீதம்? பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன். சூலூர் நண்பரே, நீங்களும் கோவையில் எழுதுங்கள். தேஜஸைப் பற்றிக் கேளுங்கள்.