விலை கேட்கிறார்கள், வாங்குவதில்லை: விளம்பரத் தொகையைக் கூட்டலாமா?

கேள்வி (இளம்பிள்ளைக் கடைக்காரர்):
வணக்கம். சேலம் மாவட்டம் இளம்பிள்ளையில் சிறிய புடவைக் கடை வைத்திருக்கிறேன். 2016 முதல் முகநூலில் படம் போட்டு வெளியூர்களுக்குக் கூரியரில் அனுப்பி வருகிறேன்; அந்நாட்களில் காலையில் போட்ட நிறம் மாலைக்குள் தீர்ந்துவிடும். இன்று பின்தொடர்வோர் பெருகியிருந்தும் பதிவுகளைக் கண்டுகொள்வார் இல்லை. இன்ஸ்டாகிராமில் பணம் கட்டி விளம்பரம் செய்தால், ‘விலை என்ன’ என்ற கேள்வி மட்டும் நாள் முழுவதும் வருகிறது. விலையைச் சொன்னதும் பேச்சு நின்றுவிடுகிறது. தொகையைக் கூட்டுவதா, விளம்பரத்தையே நிறுத்துவதா?

பதில் 1 (விளம்பரப் பணியில் இருப்பவர், ஈரோடு):
பதிவுகள் சென்று சேராததற்கு உங்கள் புடவைகள் காரணமல்ல. நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று முகநூல் 2018 ஜனவரியில் அறிவித்தது முதல், வணிகப் பக்கங்களுக்கு இலவசமாகக் கிடைத்த பார்வை மேலும் சுருங்கியது. 2020 ஜூனில் டிக்டாக் தடை செய்யப்பட்டு, அடுத்த மாதமே ரீல்ஸ் வந்தபின், மக்கள் தாம் பின்தொடராத கடைகளின் காணொளிகளையும் பார்க்கப் பழகிவிட்டார்கள்.

உங்கள் விளம்பரத்தின் நோக்கமாக எதைத் தேர்ந்தெடுத்தீர்கள்? ‘செய்திகள்’ என்று தேர்ந்தெடுத்திருந்தால், செய்தி அனுப்பக்கூடியவர்களையே அந்த அமைப்பு தேடிப் பிடித்துத் தரும். அவர்கள் வாங்குவார்களா என்பது அதன் கவலை இல்லை. அதைச் சரிசெய்யாமல் தொகையை மட்டும் கூட்டினால் இன்னும் அதிகமானவர்கள் விலை கேட்பார்கள், அவ்வளவுதான்.

பதில் 2 (வாங்குபவர், சென்னை):
நான் கடைக்காரி அல்ல, மாதம் ஒரு புடவையாவது இணையத்தில் வாங்குபவள். விலையை மறைத்து ‘இன்பாக்ஸுக்கு வாருங்கள்’ என்று எழுதும் கடையை நான் உடனே கடந்துவிடுவேன். ஆளைப் பார்த்து விலை சொல்வார்களோ என்ற ஐயம்தான் காரணம். அடுத்த குறை விளக்கொளி. மஞ்சள் விளக்கின்கீழ் மாம்பழ நிறமாகத் தெரிந்த புடவை வீட்டில் பிரித்தபோது எலுமிச்சை நிறமாக இருந்தது. அந்தக் கடையில் பிறகு நான் வாங்கவே இல்லை. வாசல் வெளிச்சத்தில் முந்தியையும் பார்டரையும் விரித்துக் காட்டுங்கள், துணியைக் கையில் கசக்கி விடுங்கள், ரவிக்கைத் துணி சேர்ந்ததா என்று சொல்லுங்கள். கடையில் தொட்டுப் பார்த்து அறிவதை நாங்கள் இப்போது கண்ணால்தான் அறிய வேண்டியிருக்கிறது.

பதில் 3 (மொத்த வியாபாரி):
அம்மா சொல்வது உண்மை. ஆனால் விலையை வெளியிட்டால், உங்களிடம் வாங்கி விற்கும் மறுவிற்பனையாளர்கள் முகம் சுளிப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்; அவர்கள் தங்கள் லாபத்தை அந்த விலைக்கு மேல்தான் வைக்கிறார்கள். எனவே அவர்களுக்குத் தரும் ரகங்களைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். ஒருமுறை வாங்கியவர்களிடம் உங்கள் எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள். சேமிக்காதவர்களுக்கு வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் (ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியே அனுப்பும் வசதி) போய்ச் சேராது, ஒரு பட்டியலில் 256 பேர்தான் அடங்குவர்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. நோக்கம் ‘செய்திகள்’ என்றுதான் இருந்தது; இன்று விளம்பரத்தை நிறுத்திவிட்டேன். நாளை காலை கடை வாசலில், விலைச் சீட்டும் தெரியும்படி, பத்துப் புடவைகளைப் படம் பிடிக்கப் போகிறேன். மறுவிற்பனையாளர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் தயக்கமாக இருக்கிறது.