செல்லப்பிராணிக் கண்காட்சிக்கு 15 வாரக் குட்டியைக் கூட்டிப் போகலாமா? மீன், பறவை வாங்குவது பற்றியும் சொல்லுங்கள்

மாடிக்கூடு (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. வார இறுதியில் ஒரு பெரிய செல்லப்பிராணிக் கண்காட்சிக்குப் போகிறோம். நாய், பூனை, பறவை, மீன், பாம்பு, ஆமை எல்லாம் ஒரே மண்டபத்துக்குள். வீட்டில் 15 வார லேப்ரடார் குட்டி ஒன்று, காக்டெயில் (கொண்டையுள்ள சிறு கிளி) ஒரு ஜோடி, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் 90 லிட்டர் மீன் தொட்டி. கூட வருவது 4 வயதும் 9 வயதுமாக இரண்டு பிள்ளைகள்.

குட்டிக்குப் பார்வோ, டிஸ்டெம்பர் (நாய்களைக் கொல்லக்கூடிய இரண்டு வைரஸ் நோய்கள்) சேர்ந்த கூட்டு ஊசி இரண்டு தவணை முடிந்துவிட்டது. மூன்றாவது அடுத்த வாரம். மனிதரோடும் மற்ற நாய்களோடும் பழகட்டும் என்று கூட்டிப்போக நினைக்கிறேன், சரியா? நல்ல நியான் டெட்ரா மீன் கிடைத்தால் பத்து வாங்கவும், மூன்றாவதாக ஒரு காக்டெயில் வாங்கவும் எண்ணம். வாங்கும் முன் எதைப் பார்ப்பது, வீட்டுக்கு வந்ததும் என்ன செய்வது? "கவனமாக இருங்கள்" என்று பொதுவாகச் சொல்லாமல் நாள், அளவு, வரிசை என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

நாலுகால்

குட்டி வீட்டிலேயே இருக்கட்டும். இரண்டு தவணை போட்டாயிற்று என்பதற்காக மூன்றில் இரண்டு பங்கு பாதுகாப்பு வந்துவிட்டதாகக் கணக்குப் போடக் கூடாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தி குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை அது தடுப்பூசியையும் முறித்துவிடும். ஊசி போட்டும் பிடிக்காது. அது எந்த வாரத்தில் கரையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும், வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் கடைசித் தவணையை 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ போடச் சொல்கிறார்கள். அதைப் போட்டு இரண்டு வாரம் போகட்டும்.

இந்தமாதிரிக் கூட்டத்தில் பயப்பட வேண்டியது பார்வோவுக்கு. நோய் வெளியே தெரிவதற்கு முன்பே மலத்தில் வைரஸ் வர ஆரம்பித்துவிடும். ஆரோக்கியமாக வாலாட்டி நிற்கும் நாய்கூடப் பரப்பிக்கொண்டிருக்கலாம். தரையில் ஒட்டிய வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். டிஸ்டெம்பரும் கென்னல் காஃபும் (நாய்களுக்குள் தொற்றும் இருமல்) காற்றிலேயே போகின்றன. மூடிய மண்டபம் அவற்றுக்கு மிகவும் தோது.

பழக்க வேண்டும் என்ற உங்கள் அவசரம் நியாயமானதுதான். குட்டி புதியவற்றைப் பயமில்லாமல் ஏற்கும் காலம் ஏறக்குறைய 3 முதல் 14 வாரம் வரை. ஆனால் ஆயிரம் பேர் நெருக்கும் இடத்தில் குட்டி கற்பது பெரும்பாலும் பயம். தடுப்பூசி முழுதும் முடிந்த, உங்களுக்குத் தெரிந்த ஒரு நாயை வீட்டுக்கு வரவழையுங்கள். குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு தெருவில் பத்து நிமிடம் நின்று வண்டி, குடை, சைக்கிள் எல்லாம் காட்டுங்கள். கீழே விட வேண்டாம். இது தினமும் நடந்தால் போதும்.

வளர்ந்த நாயைக் கூட்டிப் போக நினைக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கென்னல் காஃப் மருந்து மூக்கில் விடுவதென்றால் குறைந்தது 5 நாள் முன்னதாக. ஊசி என்றால் 2 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு தவணை, அதன்பின் ஒரு வாரம். இதெல்லாம் செய்தாலும் அந்த இருமலுக்குக் காரணமான எல்லாக் கிருமியையும் அது தடுக்காது, கடுமையைக் குறைக்கும். லீஷ் (நாயைப் பிடிக்கும் வார்) ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம். நாய் இழுத்தால் நீளும் வகையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், மற்றவர் காலில் சுற்றிக்கொள்ளும். பொதுவில் வைத்த தண்ணீர்க் கிண்ணத்தில் குடிக்க விடாதீர்கள்.

நாய்க்குப் போதும் என்று ஆனதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: வீட்டில் பாய்ந்து வாங்கும் தின்பண்டத்தை நீட்டிப் பாருங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதற்குப் பசி இல்லை என்று நினைக்காதீர்கள், பதற்றம் எல்லை தாண்டிவிட்டது. தூக்கம் இல்லாமல் கொட்டாவி, உணவு இல்லாமல் நாக்கால் மூக்கை நக்குவது, கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரிவது எல்லாம் அதற்கு முன்பே வரும். அப்போதே வெளியே கூட்டிப் போய்விடுங்கள். காருக்குள் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் சுற்றக் கூடாது. வெளியே 21 டிகிரி இருந்தாலும் பத்தே நிமிடத்தில் காருக்குள் 30 டிகிரி தாண்டும்.

ஸ்டாலில் நாய்க்குட்டி விற்றால், வயதைப் பல்லில் சரிபாருங்கள். உதட்டை மெல்லத் தூக்கினால், 8 வாரக் குட்டிக்குப் பின்கடைவாய் வரை 28 பாற்பல்லும் வந்திருக்கும். முன்பல்லும் கோரைப்பல்லும் மட்டும் ஊசிபோல இருந்து பின்னால் வெறும் ஈறாக இருந்தால், "இரண்டு மாசம்" என்று என்ன சொன்னாலும் அது தாயை விட்டுப் பிரிக்கக் கூடாத வயது.

தொட்டிநீர்

மீன் பகுதிக்கு நான் பதில் சொல்கிறேன். முதலில் கேட்க வேண்டிய கேள்வி விலை அல்ல, "எப்போது பையில் போட்டீர்கள்?" என்பது. கண்காட்சிகளில் காலையிலேயே பையில் கட்டித் தொங்கவிடுவது வழக்கம். பத்து மணிக்குக் கட்டியதை ஐந்து மணிக்கு வாங்கினால் ஏற்கெனவே ஏழு மணி நேரம் ஆகிவிட்டது. தொட்டியிலிருந்து உங்கள் கண்முன்னே பிடித்துத் தருபவரிடம் வாங்குங்கள். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று.

ஸ்டாலில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். துடுப்பை உடம்போடு ஒட்டி வைத்திருப்பது, கல்லில் உரசிக்கொள்வது, மேல்மட்டத்தில் வாய் திறந்து மூச்சு வாங்குவது, உப்புத் தூவியதுபோல வெள்ளைப்புள்ளி, இவற்றில் எதுவும் கூடாது. நீங்கள் பார்க்கும் தொட்டி சுத்தமாக இருந்து பக்கத்துத் தொட்டியில் மீன் செத்து மிதந்தாலும் நகர்ந்துவிடுங்கள். பல ஸ்டாலில் எல்லாத் தொட்டிக்கும் ஒரே ஃபில்டர், இல்லாவிட்டால் ஒரே வலை. நியான் டெட்ராவில் இன்னொன்று: அந்த நீல, சிவப்புக் கோடு நடுவில் எங்காவது வெளிறிப் போயிருந்தால் தொடவே வேண்டாம். அது மருந்தில்லாத நோயாக இருக்கலாம்.

வீட்டில் 90 லிட்டர் தொட்டியில் நேரே விடாதீர்கள். 20 லிட்டர் தனித்தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், மூடி போதும். அந்த ஸ்பாஞ்சை இன்றைக்கே பழைய தொட்டியில் போட்டு ஓட விடுங்கள். மீன்கழிவின் நஞ்சை முறிக்கும் நல்ல பாக்டீரியா அதில் குடியேற மூன்று நான்கு வாரமாவது வேண்டும், வார இறுதிக்குள் நடக்காது. அதனால் இந்த முறை மீனைப் பார்த்து, விற்பவரின் தொடர்பை வாங்கிக்கொண்டு வந்து, அடுத்த மாதம் வாங்குங்கள் என்பதே என் யோசனை. எப்போது வாங்கினாலும் நான்கு வாரம் தனியே. வலை, குழாய், வாளி எதையும் இரண்டு தொட்டிக்கும் பொதுவாக வைக்கக் கூடாது.

வெள்ளைப்புள்ளி வந்தால் புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். இந்த நோயைத் தரும் ஒட்டுண்ணி மீனின் தோலுக்கடியில் இருக்கும்போது மருந்து அதைத் தொடாது. தண்ணீரில் நீந்தும் கட்டத்தில்தான் சாகும். 25 டிகிரியில் ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு வாரம், குளிர்ந்த நீரில் இன்னும் நீளும். அதனால் கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடர வேண்டும்.

கொண்டுவந்த பையைத் திறக்காமல் 15–20 நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு திறந்து, மீனை வலையில் அள்ளி விடுங்கள். பைத்தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

மாடிக்கூடு

இருவருக்கும் நன்றி. குட்டி வரவில்லை, முடிவு செய்துவிட்டேன். ஒரு சந்தேகம்: பையைத் திறந்து, ஏர் டியூபில் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் பழக்க வேண்டும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

தொட்டிநீர்

அரை மணி நேரப் பயணம் என்றால் அந்த முறையில் தவறில்லை. மணிக்கணக்கில் பையில் இருந்த மீனுக்கு ஆபத்து. மூடிய பையில் மீன் விடும் கரியமில வாயு தண்ணீரில் கரைந்து பிஹெச்சை (அமில-கார அளவை) இறக்கிவிடும். கழிவிலிருந்து சேரும் அமோனியா அந்த இறங்கிய பிஹெச்சில் பெரும்பாலும் அம்மோனியமாக மாறி நிற்கும். அது அவ்வளவு நஞ்சல்ல. பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பிஹெச் ஏறும், அம்மோனியம் மறுபடி நஞ்சான அமோனியா ஆகும். அந்தத் தண்ணீரில் இன்னும் ஒரு மணி நேரம் மீனை வைத்தால் செவுள் வெந்துபோகும். பையில் நன்றாக இருந்த மீன் மறுநாள் சாவதற்கு இது முக்கியமான காரணம். தனித்தொட்டியின் பிஹெச்சும் உப்பளவும் விற்பவர் தொட்டிக்கு நெருக்கமாக இருக்கும்படி முன்னரே சரி செய்துவிட்டால் சொட்டு முறையே தேவைப்படாது.

கொண்டைக்கிளி

காக்டெயில் பற்றி. கூண்டுக்கு ரொம்பப் பக்கத்தில் போகாமல் இரண்டு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். பறவை உங்களைக் கவனிக்கும்வரை நோயை மறைக்கும், மறந்த பிறகுதான் காட்டும். பகலில் உருண்டையாகச் சிலிர்த்துக்கொண்டு இரண்டு காலிலும் நின்று தூங்குவது, சும்மா உட்கார்ந்திருக்கும்போது மூச்சோடு சேர்ந்து வால் மேலும் கீழும் ஆடுவது, மூக்குத் துளைக்கு மேல் இறகில் ஈரக்கறை, இதில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். கூண்டுத் தட்டில் எச்சத்தைப் பாருங்கள். நல்ல எச்சத்தில் பச்சை அல்லது பழுப்புச் சுருள், வெள்ளைப் பூச்சு, தெளிந்த நீர் என்று மூன்றும் தனித்தனியாகத் தெரியும். வெள்ளை இருக்க வேண்டிய இடம் எலுமிச்சைப் பச்சையாக இருந்தால் ஈரல் கெட்டிருக்கலாம்.

காலில் மூடிய வளையம் இருக்கிறதா? குஞ்சு சில நாள் வயதாக இருக்கும்போதுதான் அதைப் பாதத்தின் வழியே போட முடியும், பிறகு ஏறாது. ஆகவே சரியான அளவு வளையம், வளர்ப்பில் பிறந்த பறவை என்பதற்கு நல்ல அடையாளம். அதில் உள்ள எண்ணும் ரசீதில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். இது காக்டெயிலைவிட மற்ற இனங்களில்தான் அதிகம் தேவைப்படும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி 2017 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, நட்சத்திர ஆமை 2019 முதல். யாராவது தாளில்லாமல் நீட்டினால் விலை பேசவே வேண்டாம்.

"கையால் ஊட்டிய குஞ்சு, நன்றாகப் பழகும்" என்று கண் திறந்து சில நாளே ஆன குஞ்சைத் தருவார்கள். வாங்கக் கூடாது. ஊட்டும் கஞ்சி 39–41 டிகிரியில் இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் இரைப்பை வெந்து ஓட்டை விழும், ஆறிப்போனால் இரை செரிக்காமல் புளிக்கும். தானே தின்று எடை நிலைத்த பிறகு வாங்கினாலும் அன்பாகவே பழகும்.

வீட்டுக்கு வந்தால் 45 நாள் வேறு அறையில். ஒரே அறையின் மூலையில் தனிக்கூண்டு வைப்பதைத் தனிமை என்று சொல்ல முடியாது, இறகுத் தூள் காற்றில் போகும். தினமும் முதலில் உங்கள் பழைய ஜோடிக்கு இரை, பிறகு புதிய பறவைக்கு. திரும்பி வருவதென்றால் கை கழுவி மேல்சட்டை மாற்றிக்கொண்டு. காய்ந்த எச்சத்தைக் கூட்டித் தூசி கிளப்பாதீர்கள், நனைத்துத் துடையுங்கள். அந்தத் தூசியில் வரும் கிளிக்காய்ச்சல் மனிதருக்கும் தொற்றும். வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால், மருத்துவரிடம் வீட்டில் புதுப் பறவை இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்றே பார்ப்பார்கள்.

நாலுகால்

பிள்ளைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 4 வயதுப் பிள்ளை பாம்பு, ஆமை, ஓணான் வகை எதையும் தொட வேண்டாம். கோழிக்குஞ்சும் வாத்துக்குஞ்சும்கூட வேண்டாம், கண்ணால் பார்த்தால் போதும். இவை சால்மோனெல்லா என்ற கிருமியை உடம்பில் வைத்துக்கொண்டே நோயில்லாமல் இருக்கும். 5 வயதுக்குக் கீழே அது கடுமையாகத் தாக்கும். 9 வயதுப் பிள்ளை தொடலாம், ஆனால் முகத்தருகே தூக்கக் கூடாது. முடிந்ததும் சோப்பில் 20 விநாடி. ஆடு, கன்றுக்குத் தீனி கொடுக்கும் இடம் இருந்தால், சாப்பாட்டுப் பொட்டலம், தண்ணீர்ப் புட்டி, சின்னப்பிள்ளை சப்பும் பொம்மை எதுவும் அதற்குள் போகக் கூடாது.

மாடிக்கூடு

திரும்பி வந்ததும் செருப்பை ஃபினாயில் தண்ணீரில் கழுவினால் குட்டிக்குப் பாதுகாப்பா?

நாலுகால்

போதாது. பார்வோ வைரசுக்கு ஃபினாயில் நம்பகமான மருந்தல்ல, கைக்குத் தேய்க்கும் ஆல்கஹால் ஜெல்லும் அதைக் கொல்லாது. பூனை இருக்கும் வீட்டில் ஃபினாயில் நஞ்சும்கூட. வேலை செய்வது பிளீச். வீட்டு உபயோகத்துக்கான 5 சதவீத பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் 30 பங்கு, அதாவது ஒரு லிட்டருக்குச் சுமார் 33 மில்லி. அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும், வேறு எந்தக் கிளீனரோடும் சேர்க்கக் கூடாது.

முதலில் பழைய பிரஷ்ஷால் அடிப்பாகத்து மண்ணையும் அழுக்கையும் தேய்த்து எடுங்கள், அழுக்கு இருந்தால் பிளீச் அதிலேயே தீர்ந்துவிடும். பிறகு பத்து நிமிடம் நனைந்தபடியே இருக்க வேண்டும். தோல் செருப்பு இதில் கெடும், அதனால் அன்றைக்கு ரப்பர் செருப்பு போட்டுப் போங்கள். வாசலிலேயே கழற்றி, உடுப்பையும் நேரே துவைக்கப் போட்டு, கைகால் கழுவிய பிறகு குட்டியிடம் போங்கள். அடுத்த 14 நாள் அது சாப்பிடுவதைக் கவனியுங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டை ஒதுக்கி, சோர்ந்து படுத்து, வாந்தியும் எடுத்தால் வயிற்றுப்போக்கு வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.